கோயில் நிர்வாக சபைக்கு ஒரு மடல்: இலையில முதல்ல வறையைப் போடுங்கோ

எங்கட கோயில் நிர்வாக சபைத் தலைவர் ஐயாவுக்கும் செயலாளர் தம்பிக்கும் அன்னதான உபயகாரர் எல்லாருக்கும் வணக்கம்.

கொடியேத்தம் கிட்ட வந்திட்டுது, உபயம் பிரிக்கக் கூட்டம் வைக்கப் போறியள் எண்டு கேள்விப்பட்டன், அதுக்கு முதல் சீனி வருத்தத்தையும் எங்கட அன்னதானத்தையும் பற்றி ஒரு விசயம் சொல்லிப்போடவேணும். நேர வந்து சொன்னால் "சாமியின்ர சாப்பாட்டில பிழை பிடிக்க வந்திட்டாள்" எண்டு பேச்சு வரும், அதால எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதுறன்.

போன வருசத் திருவிழாவில தேர்முட்டிக்குப் பக்கத்தில ஒருத்தர் மேசை போட்டு, சீனி வருத்தத்துக்கு மூலிகைப் பவுடர் எண்டு வித்தவர், ஞாபகம் இருக்கோ? உங்கட மைக்கிலயே ரெண்டு தரம் அறிவிச்சவை. எங்கட அம்மா 1800 ரூபா குடுத்து ஒரு பக்கெட் வாங்கினவ. உள்ள என்ன இருக்கு எண்டு ஒரு எழுத்து இல்லை, வெறும் சாமிப் படம் மட்டும் ஒட்டியிருந்தது. கிளினிக்கில குடுக்கிற குளிசையை நிப்பாட்டினால்தான் பவுடர் பிடிக்கும் எண்டு அந்தாள் சொல்லியிருக்கிறார், அம்மாவும் என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லாமல் மூண்டு கிழமை குளிசையை அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சிட்டா. பிறகு காலில வந்த ஒரு சின்னக் கொப்புளம் ஆறவே இல்லை எண்டு கிளினிக்குக் கொண்டு போனால், வெறுவயித்தில சீனி 312. அதுக்கு முந்தின மாசம் கிளினிக் கொப்பியில எழுதியிருந்தது 138. காலைக் காப்பாத்தினது பெரிய புண்ணியம், மிச்சக் கதையை இஞ்ச விரிக்கேல்ல.

நான் மூலிகைக்கு எதிரி எண்டு மட்டும் நினைச்சுப் போடாதேங்கோ. எங்கட அப்பு வேலியில படர்ந்த சிறுகுறிஞ்சா இலையைப் பிடுங்கி மெல்லத் தந்துபோட்டு, பிறகு ஒரு துண்டு பனங்கட்டியை வாயில வைப்பார், மண்ணைத் திண்ட மாதிரி இருக்கும், நாங்கள் சின்னனில அதை மந்திரம் எண்டு நினைச்சனாங்கள். அந்த இலையில இருக்கிற ஜிம்னெமிக் அமிலம் நாக்கில இனிப்பை அறியிற இடத்தைக் கொஞ்ச நேரம் மறைச்சுப் போடுதாம், அவ்வளவுதான் விசயம். அதே இலையை அம்மம்மா தேங்காய்ப்பூப் போட்டு வறையாச் செய்து சோத்தோட தருவா. அது சாப்பாடு. அந்த இலையோட வேற என்னத்தையோ அரைச்சு, அளவும் சொல்லாமல் பக்கெட்டில அடைச்சுக் குளிசைக்குப் பதில் எண்டு வித்தால் அது வேற சாமான்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" எண்டு பழமொழி இருக்குத்தான். எங்கட ஒழுங்கைக்குள்ள ஆவாரம்பூத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு குளிசையை விட்ட ரெண்டு பேரின்ர செத்தவீட்டுக்கு நான் போயிருக்கிறன். பூவில பிழை இல்லை, குளிசையை விட்டதுதான் பிழை.

இன்னொண்டு, அம்மா "இங்கிலிஸ் மருந்து" எண்டு தள்ளி வைச்ச மெற்போமின் குளிசையே ஒரு செடியில துவங்கின கதைதான். ஐரோப்பாவில கலேகா எண்டு பயறு மாதிரிக் காய் காய்க்கிற செடி ஒண்டு, அதை அந்தக் காலத்திலயே சீனி வருத்தத்துக்குக் குடுத்தவையாம், ஆனால் கூட மேஞ்சால் ஆடு மாடு செத்துப்போகும். அதில இருக்கிற சத்தின்ர வழியால போய்த்தான் அளவு கணக்கோட மெற்போமின் செய்தவை, 1957இல பிரான்சில ஸ்டேர்ன் எண்ட டொக்டர் சீனி வருத்தக்காரருக்குக் குடுத்துப் பாத்து எழுதினவர். நஞ்சும் மருந்தும் ஒரே செடிக்குள்ள இருக்கேக்க அளவுதான் எல்லாம், பக்கெட்டில அந்த அளவு எங்க? வெளிநாடுகளில பிடிச்சுச் சோதிச்ச உப்பிடியான பவுடருகள் சிலதுக்குள்ள இங்கிலிஸ் குளிசையையே தூளாக்கிக் கலந்து வைச்சிருந்ததையும் கண்டுபிடிச்சிருக்கினம்.

காமரங்காய், அதுதான் நட்சத்திரப்பழம், அதின்ர சாறும் அப்பிடித்தான். சீனிக்கு நல்லம் எண்டு ஆரோ சொல்ல வெறுவயித்தில கிளாஸ் கிளாஸாக் குடிச்சு, அதில இருக்கிற ஒக்சலேற்று எண்ட பொருளால சிறுநீரகம் பழுதாப் போன ஆக்களின்ர கதை இலங்கை டொக்டர்மாரே எழுதியிருக்கினம். ஏற்கனவே சிறுநீரகம் பலவீனமான ஆக்களுக்கு அதில ஒரு பழமே கூடாது.

சரி, பவுடரை விடுவம், இனி உங்கட தண்ணீர்ப்பந்தல். கடையில விக்கிற சோடாப் போத்தலில 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல சீனி இருந்தால் சிவப்புப் புள்ளி போடவேணும் எண்டு 2016இல இலங்கையில சட்டம் கொண்டு வந்தவை. அந்தக் கணக்கில 200 மில்லி டம்ளர் ஒண்டில 22 கிராம், அதாவது அஞ்சு தேக்கரண்டிக்குக் கிட்ட. ஒரு ஆள் ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள்ள நிண்டால் நல்லம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எங்கட பந்தல் சர்பத்துக்கு எந்த நிறப் புள்ளி வரும் எண்டு கலக்கிற பெடியளைக் கேட்டுப் பாருங்கோ, மூட்டைக் கணக்குச் சொல்லுவாங்கள். வெயிலுக்கு மோர் காணும். இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சம் உப்புப் போட்டு எங்கட ஆச்சிமார் கரைச்ச மோர். பனங்கட்டித் தண்ணியும் வேண்டாம், "பனங்கட்டி சீனிக்காரருக்குப் பிரச்சினை இல்லை" எண்டு சொல்லுறவையை நான் கனபேரைக் கண்டிட்டன், அதுவும் முக்கால்வாசிக்கு மேல சீனிதான், நிறம் மட்டும் கறுப்பு.

இனித்தான் முக்கியமான விசயம். பந்தியில நீங்கள் என்ன செய்யிறியள்? இலையில முதல்ல ஒரு குவியல் வெள்ளைச் சோறு, அதில சாம்பார், பிறகு கிழங்குக் கறி, வாளி காலியாகிற நேரம் கடைசியா ஒரு கிள்ளுக் கீரை. இதையே திருப்பிப் போடுங்கோ. முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல், பருப்பு, இதுகளை முதல் போட்டு ஆக்கள் ரெண்டு வாய் சாப்பிட்ட பிறகு சோத்தைக் கொண்டு வாங்கோ. மரக்கறியும் பருப்பும் முதல் உள்ள போனால் சாப்பிட்ட பிறகு ஏறுற சீனி குறையும் எண்டு ஆராய்ச்சியில வடிவாக் காட்டியிருக்கினம், வயிறும் கெதியா நிரம்பும், உடம்பு வைக்கிறதும் குறையக்கூடும். இதுக்கு ஒரு சதம் மேலதிகச் செலவு இல்லை, வாளி தூக்கிற பெடியளின்ர வரிசையை மாத்தினால் சரி. பாவக்காயையும் செய்யுங்கோ, ஆனால் எண்ணெயில கறுக்கப் பொரிச்சுப்போட்டு அதை மருந்து எண்டு சொல்லாதேங்கோ (அம்மாவும் இதில குற்றவாளிதான்). ஏலுமெண்டால் ஒரு நாளைக்கு மொட்டைக்கறுப்பன் எண்ட எங்கட சிவப்பரிசிச் சோறு. குரக்கனும் ஒடியலும் (காயவைச்ச பனங்கிழங்கு) நல்லம்தான், ஆனால் நீத்துப்பெட்டி நிறையப் புட்டு அவிச்சுச் சாப்பிட்டால் அதுவும் மாதான், சீனி ஏறத்தான் செய்யும்.

கோவிக்காமல் உங்கட இடுப்பையும் ஒருக்கால் அளந்து பாருங்கோ, எங்கட சனத்தில ஆம்பிளையளுக்கு 90 சென்ரிமீற்றர், பொம்பிளையளுக்கு 80, அதுக்கு மேல எண்டால் கவனம் எண்டுதான் அளவு வைச்சிருக்கினம். தலைவர் ஐயா, வேட்டிக் கட்டைப் பாத்தே நான் ஒரு கணக்குப் போட்டு வைச்சிருக்கிறன், சொல்லமாட்டன்.

மேசைக்காரர் இந்த வருசமும் வருவார். இடம் குடுக்கிறதெண்டால் பதிஞ்ச சித்த வைத்தியரோ எண்டு முதல் கேளுங்கோ, பக்கெட்டில என்ன இருக்கெண்டு எழுதித் தரச் சொல்லுங்கோ. அப்பிடியானவர் வந்தால் நானே கதிரை கொண்டுவந்து போடுறன். மைக்கில "ஆரும் குளிசையை நிப்பாட்டாதேங்கோ, என்ன மூலிகை எடுத்தாலும் கிளினிக்கில சொல்லுங்கோ" எண்டு ஒரு வரி சேத்து அறிவிச்சால் நல்லம், ஏனெண்டால் குளிசையும் குறிஞ்சாவும் சேந்து சீனி 70க்குக் கீழ இறங்கி வேர்த்து விழுந்தால் அதுவும் ஆபத்து.

கூட்டத்தில எனக்கு அஞ்சு நிமிசம் தாங்கோ. முதல் நாள் அன்னதானத்துக்கு முருங்கையிலை என்ர பொறுப்பு, ஒழுங்கைக்குள்ள ஏழு வீட்டில கேட்டு வைச்சிருக்கிறன், உருவித் தர அம்மாவும் வருவா.