கனிமங்களுக்குப் பெயர் தருவோருக்கு: ஒலிப்பையும் சேர்த்துத் தாருங்கள்

சர்வதேச கனிமவியல் சங்கத்தின் பெயரிடல் குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் ஏற்றுக்கொண்ட கனிமப் பெயர்கள் 6,000-ஐத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் வேதிவாய்பாடு, படிக அமைப்பு, கிடைத்த இடம் எல்லாம் பதிவாகின்றன. எப்படி உச்சரிப்பது என்பதை மட்டும் பெரும்பாலும் எங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறீர்கள்.

கியாவ்தூயைட் என்ற கனிமத்தைப் பாருங்கள். மியான்மரின் மோகோக் பகுதியில் கிடைத்த, 1.61 காரட் எடையுள்ள ஒரே ஒரு கல்தான் உலகில் அறியப்பட்டிருக்கிறது. 2015-இல் ஒப்புதல் பெற்ற பெயர் அது. சோ தூ என்ற பர்மியக் கனிமவியலாளரைச் சிறப்பிக்கிறது. ஆங்கில எழுத்தில் அவர் பெயர் கே, ஒய், ஏ, டபிள்யூ என்று தொடங்குவதால் படிப்பவர்கள் 'கியா' என்கிறார்கள். நானும் மேலே அந்த எழுத்தை ஒட்டித்தான் எழுதியிருக்கிறேன். பர்மிய மொழியிலோ அது ஏறத்தாழ 'சோ'. ஒருவரைப் பெருமைப்படுத்த வைத்த பெயரில் அவர் பெயரே அடையாளம் தெரியாமல் போகிறது. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சொல்லின் உறுப்புகளைக் காட்டினால் போதுமே என்று நினைக்கலாம். போதாது. அப்பல்லோ 11 கொண்டுவந்த நிலாப் பாறையில் கண்டறிந்த ஆர்மால்கலைட்டில் ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவர் பெயர்களின் தொடக்கப் பகுதிகளும் (ஆர்ம், ஆல், கால்) 'ஐட்' விகுதியும் இருக்கின்றன. வாயில் வரும்போது அசை வேறாகப் பிரிகிறது: ஆர்-மால்-க-லைட். ஆம்ஸ்ட்ராங்கின் மகர மெய் ஆல்ட்ரினின் ஆகாரத்தோடு சேர்ந்துகொள்கிறது, காலின்ஸின் லகரம் விகுதியோடு ஒட்டிக்கொள்கிறது. மெய்மேல் உயிர் வந்து ஒன்றுவது தமிழருக்குப் பழகிய புணர்ச்சிதான். ஆனால் உச்சரிப்பில் குரலின் அழுத்தம் 'மால்' மேல் விழும் என்பதை எங்களால் ஊகிக்க முடியாது, ஏனென்றால் தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை, அதைக் காதில் வாங்கவும் நாங்கள் பழகவில்லை. விகுதியும் மொழிக்கு மொழி மாறுகிறது: ஆங்கிலேயர் 'ஐட்' என்பதைப் பிரெஞ்சுக்காரர் 'ஈட்' என்பார்கள். அது பரவாயில்லை, பெயரின் அடிப்பகுதி கெடாமல் இருந்தால் சரி.

வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. உயிரோடிருப்பவர் பெயரைச் சூட்ட அவர் சம்மதம் வேண்டும் என்பது உங்கள் விதி. சம்மதம் கேட்கும்போதே அவர் தம் பெயரைச் சொல்வதை ஒலிப்பதிவாக வாங்கிவிடலாம். ஊர்ப் பெயரென்றால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்கலாம். அப்புறம் அசைப் பிரிப்பு, அழுத்தம் விழும் இடம், சொல்லுறுப்புகள் மூன்றையும் விண்ணப்பப் படிவத்தில் கட்டாயமாக்குங்கள். சில ஆய்வாளர்கள் தம் கட்டுரையில் தாங்களாகவே ஒலிப்பை எழுதிவிடுகிறார்கள். அதை எல்லோருக்கும் விதியாக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பழைய பெயர்களுக்கு நேரம் எடுக்கும், புரிகிறது. இனி வரும் விண்ணப்பங்களிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
கனிமங்களை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகர்