சைக்கிள் பாதை: ஞாயிறு காலை சோதனை ஓட்டம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் பக்கம் தினமும் சைக்கிளில் வேலைக்குச் செல்ல விரும்பும் நம் குடியிருப்பினர், பாதையை முடிவு செய்யும் முன் ஒருமுறை சேர்ந்து ஓட்டிப் பார்க்க, 14.06.2026 ஞாயிறு காலை 6 மணிக்கு முன்வாயிலில் கூடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. தேசிய நெடுஞ்சாலை 44 நேரானது என்றாலும், இந்த மாம்பழப் பருவத்தில் கூழ் ஆலைகளுக்குச் செல்லும் லாரிகளின் நெருக்கடி இருப்பதால், தூரம் சற்றுக் கூடினாலும் ஊர்ச்சாலைகளையே பரிந்துரைக்கிறேன்.

2. புதிதாக வாங்குவோர் 35 முதல் 40 மி.மீ. அகல டயரும், ஏற்றத்துக்கு உதவும் கியரும், மட்கார்டும் உள்ள வண்டியைப் பார்க்கவும். முன் சஸ்பென்ஷன் (முன்சக்கர அதிர்வைத் தாங்கும் அமைப்பு) தார்ச்சாலையில் எடையைத்தான் கூட்டும். கடையில் அதைத்தான் முதலில் காட்டுவார்கள்.

3. இருக்கையில் அமர்ந்து குதிகாலைப் பெடல் மேல் வைத்தால், பெடல் அடியில் நிற்கும்போது கால் நேராக நீள வேண்டும். சென்ற மாதம் தாழ்ந்த இருக்கையோடு ஓட்டிவிட்டு, இரண்டு நாள் மாடிப்படி ஏற முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

4. ஹெல்மெட், பின்புறச் சிவப்பு விளக்கு, தண்ணீர் கட்டாயம்.

வருவோர் வெள்ளி இரவு 8 மணிக்குள் பெயரையும், சொந்த வண்டி உண்டா என்பதையும் இங்கே பதிவிடவும்.