கால்வாய் கட்டுன கணக்கு எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் தருமபுரி மாவட்டத்துல ஒரு பேரூராட்சியில இருக்கேன், ஊர் பேரு வேணாம் சார். எங்க தெருவுல மழைநீர் கால்வாய் கட்டுனாங்க, கட்டி முடிச்சதும் ஒரு போர்டு வெச்சாங்க, அதுல பணியின் பெயர் இருக்கு, திட்டத்தோட பேரு இருக்கு, மதிப்பீடுன்னு போட்டு பக்கத்துல வெறும் வெள்ளை பெயிண்ட்தான். கால்வாய் மேல மூடுன சிலாப்ல மாங்கா லோடு டெம்போ ஏறி ஒண்ணு அப்பவே உடஞ்சு கம்பி வெளிய நீட்டிட்டு நிக்குது.

ஆபீஸ்ல கேட்டா ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமை மனு, போடுங்கன்னு சொல்றாங்க. போடலாம், 10 ரூபாதான், 30 நாள்ல பதில் தரணும். ஆனா 2005 தகவல் உரிமை சட்டத்துலயே 4-வது பிரிவுல பட்ஜெட், செலவு விவரமெல்லாம் யாரும் கேக்காமலே அவங்களா வெளியிடணும்னு இருக்கே, அத ஏன் யாரும் பேசறதில்ல? டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டம் 1998லயே வந்தாச்சு.

பக்கத்து கிராமத்துல கிராம சபைல ஊராட்சி வரவு செலவ வாசிக்கறாங்க, ஒழுங்கா வாசிக்கறாங்களான்றது வேற கதை, அங்க எழுந்து நின்னு கேள்வியாவது கேக்கலாம். எங்களுக்கு 2022ல சொத்து வரி ஏத்துனப்ப மட்டும் நோட்டீஸ் வீடு தேடி வந்துச்சு.

வார்டு வாரியா என்ன வேலை, எந்த கான்ட்ராக்டர், எவ்ளோ பில் பாஸ் ஆச்சுன்னு மாசா மாசம் ஆபீஸ் வாசல்ல ஒரு பேப்பர் ஒட்டுங்க. அந்த போர்டுலயும் தொகைய எழுதுங்க.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு வாசகர்,
தருமபுரி மாவட்டம்