வெள்ளிக்கிழமை பிள்ளைகள் மந்திரிசபைக் கூட்டம்

பெற்றோர்களுக்கு வணக்கம். நம் தொடக்கப்பள்ளிக்குப் பிள்ளைகளே மந்திரிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தண்ணீர் மந்திரி ஐந்தாம் வகுப்புப் பாப்பா. காலை உணவு முடிந்து தட்டு கழுவும் குழாயடியில் பழைய பெயின்ட் வாளியை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறாள். தண்ணீர் கோட்டைத் தொட்டதும் இரண்டு பேர் தூக்கிப்போய்ப் பப்பாளிக்கு ஊற்றுகிறார்கள். ஒகேனக்கல் தண்ணீர் குடிக்க மட்டும், கழுவ போர் தண்ணீர் என்பதும் அவள் உத்தரவுதான். தர்மபுரிப் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறதே, சரியான உத்தரவு!

அப்புறம், குப்பை மந்திரி நமக்கும் வேலை வைத்திருக்கிறான். பிறந்தநாளுக்கு ஜிகினாத்தாள் சாக்லேட் வேண்டாமாம். டப்பாவில் கடலை மிட்டாய் கொடுத்தனுப்புங்கள். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை. கொண்டுவருவது நாம்தான் (நானும்தான்).

கூட்டம் மாலை 3 மணிக்கு. பிள்ளைகள் பேசும்போது குறுக்கே பேச வேண்டாம். மஞ்சப்பையோடு வாருங்கள், வாசலில் சோதனை உண்டு.