பூக்களைக் காட்டி விற்ற படம்: விளம்பரப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

காதல் படங்களைத் தயாரித்து வெளியிடும் நிறுவனத்தினருக்கும், அவற்றுக்கு முன்னோட்டமும் சுவரொட்டியும் உருவாக்கும் விளம்பரப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

காலீன் ஹூவரின் 2016-ஆம் ஆண்டு நாவலைத் தழுவி 2024 ஆகஸ்டில் வெளிவந்த 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' படத்தை முன்வைத்து இதை எழுதுகிறேன். படத்தின் மீது எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. அதை நீங்கள் விற்ற விதத்தின் மீதுதான்.

பாஸ்டன் நகரில் பூக்கடை திறக்கும் லில்லி, ரைல் என்னும் நரம்பியல் அறுவை மருத்துவரை விரும்புகிறாள். ஒரு நாள் அடுப்பில் உணவு கருகுகிறது. பதற்றத்தில் சூடான பாத்திரத்தைத் தொட்டு அவன் கையைச் சுட்டுக்கொள்கிறான். மறுகணம் அவள் முகத்தில் அடி விழுந்திருக்கிறது. நடந்தது என்னவென்று தெளிவாகப் புரியாதபடி அந்தக் காட்சி வெட்டப்பட்டிருப்பதால், கை தவறிப் பட்டுவிட்டது போலும் என்று அவளோடு சேர்ந்து நாமும் நினைத்துக்கொள்கிறோம். பிறகு படிக்கட்டில் விழுகிறாள். அதற்கும் ஒரு சமாதானம் கிடைக்கிறது. வெகுநேரம் கழித்து அவள் தன் நினைவுகளைத் திரும்பிப் பார்க்கும்போதுதான், அதே காட்சிகள் உள்ளது உள்ளபடி காட்டப்படுகின்றன, எதுவுமே விபத்து அன்று என்பது நமக்கும் உறைக்கிறது. 'அடித்தவனை விட்டு ஏன் உடனே வெளியேறவில்லை?' என்று எளிதாகக் கேட்டுவிடுகிறவர்களுக்கு, ஒரு வணிகப் படம் இதைவிட நேர்மையாகப் பதில் சொல்லிவிட முடியாது.

உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-இல் விளக்கிய வன்முறைச் சுழற்சியும் இதைத்தான் சொல்கிறது: முதலில் இறுக்கம் கூடும், பின்பு அது அடியாக வெடிக்கும், அதன்பின் மன்னிப்பும் பரிசும் கொஞ்சலுமாக ஒரு தேனிலவுக் காலம் வரும். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று ஆறுதலாகச் சொல்லப்படும் பழமொழி இந்தச் சுழற்சியின் மூன்றாம் கட்டத்தைத்தான் சொல்கிறது என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டினால் அது காதல் கதையாகத்தான் தெரியும். உங்கள் விளம்பரமும் அதைத்தான் செய்தது. தோழியரை அழைத்துக்கொண்டு, பூப்போட்ட உடை அணிந்து திரையரங்குக்கு வரும்படி விளம்பரத்தில் கூப்பிட்டார்கள். இந்த நாவலை ஒட்டி வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றை வெளியிடப்போவதாக அதன் பதிப்பகத்தார் 2023-இல் அறிவித்துவிட்டு, வாசகர்களின் எதிர்ப்புக்குப் பின் கைவிட்டதையும் நினைத்துப் பாருங்கள். ஹூவர் தன் தாயின் வாழ்விலிருந்து எடுத்து எழுதிய கதை இது என்பது தெரிந்திருந்தும் அப்படியொரு யோசனை எழுந்திருக்கிறது!

நான் படம் பார்த்த அன்று, முன்வரிசையில் நான்கு பெண்கள் பூப்போட்ட உடையில் சிரித்துப் பேசியபடி வந்து அமர்ந்தார்கள். படிக்கட்டுக் காட்சியில் அவர்களுள் ஒருவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். சற்று நேரத்தில் இன்னொருவரும் அவரைத் தேடிப் போனார். இருவரும் திரும்பவில்லை. காரணத்தை நான் ஊகிக்கப் போவதில்லை. என்ன பார்க்கப் போகிறோம் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

முன்கூட்டியே சொல்லிவிட்டால் கதையின் திருப்பம் கெட்டுவிடும் என்பீர்கள். ஆனால் அமெரிக்கத் தரச்சான்றில் இந்தப் படத்துக்கு 'பிஜி-13' (13 வயதுக்கு உட்பட்டவர்களின் பெற்றோருக்கு எச்சரிக்கை) கொடுத்ததற்கான காரணங்களில் குடும்ப வன்முறையும் பொடி எழுத்தில் இடம்பெற்றுத்தான் இருந்தது. அதனால் திருப்பம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஏறத்தாழ 2.5 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் ஏறத்தாழ 35 கோடி டாலர் வசூலித்த படம், அந்த ஒரு வரியைப் பெரிதாகப் போட்டிருந்தால் நொடித்துப் போயிருக்காது.

ஆகவே, இத்தகைய கதையை அடுத்து நீங்கள் கையிலெடுக்கும்போது, குடும்ப வன்முறை பற்றிய படம் என்பதைச் சுவரொட்டியிலும் முன்னோட்டத்திலும் படிக்கும் அளவில் எழுதுங்கள். படம் எந்த நாட்டில் ஓடுகிறதோ அந்த நாட்டின் உதவி எண்ணைப் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கும் முன்பே, விளக்குகள் எரிவதற்குள் திரையில் காட்டுங்கள். பட்டியலின் கடைசியில் போட்டால் அதைப் படிக்க அரங்கில் எவரும் இருக்கமாட்டார்கள். விளம்பர வாசகத்தை இறுதி செய்யும் கூட்டத்துக்கு, இத்தகைய வீட்டிலிருந்து வெளியேறி வந்த ஒருவரை உரிய ஊதியம் கொடுத்து அழையுங்கள். பூப்போட்ட உடை என்ற யோசனையை அவர் முன்னால் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
சீட்டு வாங்கிப் படம் பார்த்த ஒருவர்