புதுநன்மைப் பரிசு வாங்கும் முன்: பங்குப்பேரவைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகப் பங்குப்பேரவை உறுப்பினர்களுக்கும், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும், அன்பியங்கள் என்னும் வட்டார இறைமக்கள் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும்,

கிறிஸ்துவில் அன்பு வணக்கம்.

புதுநன்மை என்னும் முதல் நற்கருணை, உறுதிப்பூசுதல், மறைக்கல்வி ஆண்டு விழா, பாதுகாவலர் திருநாள் என்று பரிசுக்காக ஒவ்வொரு கத்தோலிக்கப் பங்கும் ஆண்டுதோறும் நல்லதொரு தொகையைச் செலவிடுகிறது. அதில் பெரும்பகுதி கேடயமாகவும், எவர்சில்வர் தட்டாகவும், கண்ணாடிச் சட்டம் போட்ட படமாகவும் போய்விடுகிறது. கொடுப்பவர்களின் அன்பில் குறை இல்லை. ஆனால் அந்தப் பொருள்களால் ஒரு பிள்ளையும் கூடுதலாக ஒரு நாள் செபிக்கப்போவதில்லை. பங்கின் பணத்தில் வாங்கும் பரிசு, விழா முடிந்த மறுவாரமும் வீட்டில் கையில் எடுக்கப்படுவதாக இருக்க வேண்டும். அதைக் கேட்கவே இந்த மடல்.

கோளாறு பெரும்பாலும் நேரத்தில்தான் தொடங்குகிறது. விழாவுக்கு முந்தின வாரம் ஒருவரைக் கடைக்கு அனுப்பி, 'எண்பது வேண்டும், எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்' என்றால், கடையில் எண்பது எது இருக்கிறதோ அதுதான் பரிசு. மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர், அதே வயதில் பிள்ளை உள்ள பெற்றோர் ஒருவர், வாசிக்கும் பழக்கமுள்ள ஒருவர் என மூன்று பேர் போதும். முதல் மாதம் ஐந்தாறு நூல்களில் ஒவ்வொரு பிரதி வாங்கட்டும். இரண்டாம் மாதம் மூவரும் முழுவதும் வாசிக்கட்டும். பரிசு பெறும் வயதுப் பிள்ளை ஒருவரை ஒரு பக்கம் உரக்க வாசிக்கச் சொல்லட்டும். ஒரே பக்கத்தில் ஐந்தாறு இடத்தில் தடுக்கினால் அந்த நூல் அந்த வயதுக்கு இல்லை. ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைகள் இன்று எல்லாப் பங்குகளிலும் இருப்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. அவர்களுக்கு ஆங்கில நூல் கொடுத்துவிட்டு நகர்வதைவிட, பெரிய எழுத்தில் சின்ன வாக்கியங்களாக அமைந்த தமிழ் நூலைக் கொடுத்து, வீட்டில் யாரேனும் கூட உட்கார்ந்து வாசிக்கச் சொல்வது நல்லது. கோவிலில் அந்தப் பிள்ளை கேட்பதும் பதில் சொல்வதும் தமிழில்தானே. மூன்றாம் மாதம் ஆர்டர் கொடுங்கள்.

விவிலியம் வாங்குவதென்றால் முதலில் பொருளடக்கத்தைத் திறந்து பாருங்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் முதல் நூல், இரண்டாம் நூல் ஆகிய ஏழும் இருக்க வேண்டும். கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள். கடைகளில் கிடைக்கும் பல பதிப்புகளில் 66 மட்டுமே. விலை குறைவு என்று அதை மொத்தமாக வாங்கிவிட்டால், சீராக்கின் ஞான நூலிலிருந்து ஞாயிறு வாசகம் வரும்போது பிள்ளை வீட்டில் தேடிக் களைத்துப்போகும். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையே கேளுங்கள். அதில் இந்த நூல்கள் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே, 'இணைத் திருமுறை நூல்கள்' என்ற பகுதியில் இருக்கின்றன.

ஆனால் புதுநன்மை வாங்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முழு விவிலியம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கனமான நூல், பொடி எழுத்து, மெல்லிய தாள். தொடக்க நூலில் ஆர்வமாகத் தொடங்கும் பிள்ளை, விடுதலைப் பயணத்தில் கூடாரத்தின் முழக் கணக்குகள் வரும் இடத்தில் நின்றுவிடும். பிறகு நூல் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். அந்த வயதுக்கு மாற்கு நற்செய்தி தனி நூலாகப் போதும். மொத்தம் 16 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று என்றால் கோடை விடுமுறைக்குள் முடிந்துவிடும். ஒரு நூலை முதலிலிருந்து கடைசிவரை முடித்தோம் என்ற மகிழ்ச்சிதான் அடுத்த நூலைத் திறக்க வைக்கும். லூக்காவில் 24 அதிகாரங்கள்: டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கினால் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள் முடியும். முழுத் திருவிவிலியத்தை உறுதிப்பூசுதலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் சும்மா கையில் கொடுத்து அனுப்பாமல், திருத்தூதர் பணிகளில் 28 அதிகாரங்களுக்கான வாசிப்பு அட்டவணையை ஓர் அட்டையில் அச்சிட்டு, அந்த இடத்திலேயே செருகிக் கொடுங்கள். முதல் பக்கத்தில் பெயர், பங்கு, திருமுழுக்கு நாள், உறுதிப்பூசுதல் நாள் ஆகியவற்றை மையினால் எழுதுங்கள். பேர் எழுதிய நூலை யாரும் எளிதில் பழைய பேப்பர்காரரிடம் போடுவதில்லை.

பெரியவர்களுக்கு விவிலியம் கொடுக்கும்போது, அவ்வாண்டு ஞாயிறுகளில் வாசிக்கப்படும் நற்செய்தியோடு இணைத்துக் கொடுத்தால் அன்பியக் கூட்டத்துக்கும் உதவும். ஞாயிறு நற்செய்தி மூன்றாண்டுச் சுழற்சியில் வரும்: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. மூன்றால் மீதியின்றி வகுபடும் ஆண்டு லூக்காவின் ஆண்டு. 2025 அப்படி, ஆகவே 2026 மத்தேயு, 2027 மாற்கு. திருவழிபாட்டு ஆண்டு திருவருகைக் கால முதல் ஞாயிறன்று, அதாவது முந்தின ஆண்டின் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ பிறந்துவிடுகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பக்கம் குறைந்த நூலை மலிவாக எண்ண வேண்டாம். 1578-இல் கொல்லத்தில் போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி அன்றீக் அடிகளார் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் 16 பக்கம்தான். இந்திய மொழி எழுத்தில் இங்கே அச்சான முதல் நூலே நம் மக்களுக்கான ஒரு சிறு மறைக்கல்வி நூல். பரிசுக்கு நூல் தேடுகிறவர்களுக்கு அந்த வரலாறு தெம்பு தரட்டும்.

இனி, மிகுதியாகக் கவனக்குறைவு நடக்கும் இடம்: ஆயரின் அச்சு அனுமதி. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் 'இம்ப்ரிமாத்தூர்' என்றோ 'அச்சிடலாம்' என்றோ, ஆயரின் பெயரும் நாளும் இருக்கும். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 827-ஆம் விதி நான்காம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: சமயத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிய நூல்களைத் திருச்சபை அதிகாரியின் அனுமதியோடு வெளியிட்டிருந்தால், அல்லது பின்னர் அவர் ஒப்புதல் பெற்றிருந்தால் மட்டுமே, கோவிலில் வைக்கவோ விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ முடியும். செப நூல்களுக்கும் ஆயரின் அனுமதி வேண்டும் என்கிறது 826-ஆம் விதி. கோவில் வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போகும் துண்டுப் பிரசுரமும் இதில் அடக்கம். 'இந்தச் செபத்தை இத்தனை பிரதி எடுத்துக் கோவிலில் வைத்தால் வேண்டியது நடக்கும், வைக்காவிட்டால் துன்பம் வரும்' என்ற தாள்களை அன்றைக்கே அகற்றுங்கள். அது செபமல்ல, பயமுறுத்தல். புனித பிரிஜித்தாவின் பெயரில் உலவும் 15 செபங்களோடு சேர்த்து அச்சிடப்படும் வாக்குறுதிகளைக் குறித்து வத்திக்கான் 1954-லேயே எச்சரித்துவிட்டது. இன்றும் அவை பளபளப்பான அட்டையில் வந்துகொண்டிருக்கின்றன. கோவிலுக்குள் மேசையில் இருக்கும் எதையும் 'சாமியார் ஒத்துக்கொண்டது' என்றே மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மாதம் ஒருமுறை அந்த மேசையைப் பார்வையிட ஒருவரை நியமியுங்கள்.

செபமாலை கையேடுகளிலும் ஒரு சரிபார்ப்பு வேண்டும். புனித இரண்டாம் யோவான் பவுல் 2002-இல், செபமாலையில் தியானிக்கும் மறைபொருள்களோடு (இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகள்) ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்தார். வியாழக்கிழமை அவற்றுக்கு உரியது, சனிக்கிழமை மகிழ்ச்சி மறைபொருள்கள். பழைய அச்சையே திரும்பத் திரும்ப எடுக்கும் கையேடுகளில் 15 மறைபொருள்கள்தான் இருக்கும். சனிக்கிழமைக்கு மகிமை என்று போட்டிருக்கும். அது தவறான செபமில்லை. ஆனால் அன்பியத்தில் ஒன்று, கையில் ஒன்று என்றால் பிள்ளை குழம்பும். செபங்களின் சொற்களும் அப்படியே: உங்கள் பங்கில் சொல்லும் வடிவம்தானா என்று மூன்று செபங்களை ஒப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாட்டிமாருக்குக் கொடுப்பதென்றால் அவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் பழைய வடிவமே இருக்கட்டும்.

செபமாலையைப் பரிசாக வாங்கும்போது மணியின் பளபளப்பைப் பார்க்காமல் இணைப்பைப் பாருங்கள். 53 சிறு மணி, 6 பெரிய மணி, ஆக 59 மணிகளையும் கம்பி வளையங்கள்தான் தாங்குகின்றன. வளையத்தின் இரு முனையும் ஒட்டாமல் சிறு இடைவெளி தெரிந்தால், அந்த மாலை சில வாரங்களில் அறுந்துவிடும். முதலில் போவது பெரும்பாலும் சிலுவையும், ஐந்து பத்துமணித் தொடர்களும் சேரும் நடுப்பதக்கமும்தான், ஏனென்றால் இழுவை முழுதும் அங்கேதான் விழுகிறது. மொத்தமாக வாங்கும் முன் ஒன்றை எடுத்து இரு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு நூல்கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கோத்ததே நல்லது. சட்டைப்பையில் கசங்கினாலும் அறாது. தங்க முலாம் வியர்வையில் கறுத்துவிடும். முதியவர்களுக்கு எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாத மணி வேண்டும், இல்லாவிட்டால் நடுங்கும் விரலுக்கு எண்ணிக்கை பிடிபடாது.

நூலின் கட்டுமானத்துக்கும் இதே கவனம் தேவை. முதுகின் மேல்விளிம்பைப் பாருங்கள். மடித்த தாள் கட்டுகள் வரிசையாகத் தெரிந்தால் தையல் பைண்டிங். தனித்தனித் தாள்களைப் பசையில் நிறுத்தியிருந்தால் நம் ஊர் வெயிலில் பசை காய்ந்து, நடுப்பக்கங்கள்தான் முதலில் உதிரும். தினமும் புரட்டும் செப நூலும் பாடல் நூலும் தையல் போட்டதாகவே இருக்கட்டும். ஒருமுறை வாசிக்கும் புனிதர் வரலாறுகளுக்குப் பசை போதும். அறுபதைக் கடந்தவர்களுக்கு 14 புள்ளி எழுத்துக்குக் குறையாதது வேண்டும்.

புனிதர் வரலாறு என்றதும் ஒன்று. பிள்ளையின் பெயருக்குரிய புனிதரின் வரலாறு தேடிக் கிடைத்தால் அதைவிடச் சிறந்த திருமுழுக்குப் பரிசு இல்லை. பெற்றோர் வாசித்துச் சொல்லட்டும். பதின்ம வயதினருக்கு நம் மண்ணின் புனிதர்களைக் கொடுங்கள்: 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் உயிர் கொடுத்து 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம், 1693-இல் ஓரியூரில் வெட்டுண்ட அருளானந்தர். படித்து முடித்ததும் பேருந்து ஏறிப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட முடிகிறது. மறைக்கல்விச் சுற்றுலாவை அந்த நூலோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்.

பங்கு நூலகம் இருந்தால் பரிசுச் சுமையில் பாதி குறையும். ஒரு பீரோவும் நூறு நூலும் போதும். நூலகங்கள் சாவிக் கொத்தால்தான் சாகின்றன: சாவி ஒருவரிடம், அவர் வேலைக்குப் போய்விடுவார். இரண்டு சாவி, இரண்டு பொறுப்பாளர், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அரைமணி நேரம் தவறாமல் திறப்பு, இரண்டு வாரத் தவணை, ஒரே ஒரு பதிவேடு. பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, கட்டையின் மேல் வையுங்கள். கறையான் சுவர் வழியாகவும் தரையிலிருந்தும் ஏறும். நன்கொடையாக வரும் பழைய நூல்களை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் யாரும் வாசிக்காத கனத்த நூல்களால் தட்டுகளை நிரப்பிவிடாதீர்கள். வாசிப்பவருக்கு முதல் தட்டில் கிடைப்பதுதான் நூலகம். 'நம் வாழ்வு' வார இதழுக்கு ஓராண்டுச் சந்தா கட்டி அங்கே போடலாம். அன்பியத்துக்கு ஒரு சந்தா என்பதும் நல்ல திருநாள் பரிசு.

கோவிலுக்கே பொருள் கொடுக்க நேர்ந்துகொள்பவர்களிடம், வாங்கும் முன் பங்குத்தந்தையிடம் கேட்கச் சொல்லுங்கள். பளபளப்பான பித்தளைக் கிண்ணத்தைத் திருப்பலிக்கு என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். உள்பக்கம் பொன்முலாம் இல்லாத பித்தளையில் திராட்சை இரசத்தின் புளிப்பு பட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும். கண்ணாடியும் மண்ணும் கூடாது என்று 2004-ஆம் ஆண்டு வத்திக்கான் அறிவுறுத்தலே சொல்கிறது. அதே பணத்துக்கு வெள்ளைப் பீடத்துணிகள் இரண்டு மாற்று வந்தால் கோவில் பணியாளர் வாழ்த்துவார்.

திருநாள் கடை போடும் பங்குகளுக்கு: விற்ற பிறகே மந்திரியுங்கள், அதாவது குருவின் ஆசி பெறுங்கள். மந்திரித்த செபமாலை விற்கப்பட்டால் அதோடு இணைந்த பலன் போய்விடும் என்பது திருச்சபையின் நெறி. ஆகவே விற்பனை முடிந்து, திருப்பலியின் இறுதியில் எல்லாரும் கையில் உயர்த்திப் பிடிக்க, மொத்தமாக மந்திரிப்பதே சரி. உத்தரியம் (கழுத்தில் அணியும் சிறு துணிப்பட்டை) வாங்குபவர்களுக்கு, முதல்முறை திருச்சபை முறைப்படி மந்திரித்து அணிவிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உடைந்த சுரூபம் (புனிதர் சிலை), கிழிந்த விவிலியம், அறுந்த மாலை இவையெல்லாம் கோவில் மரத்தடியில் குவிவதையும் பார்க்கிறோம். தாளும் துணியும் எரித்துச் சாம்பலைப் புதைக்க வேண்டும். சுரூபத்தை உடைத்துப் புதைக்கலாம். திருநீற்றுப் புதனுக்காகப் பழைய குருத்தோலைகளைச் சேகரிக்கும் அதே ஞாயிறில் இவற்றுக்கும் ஒரு பெட்டி வையுங்கள். பிளாஸ்டிக்கை எரித்தால் நச்சுப்புகை, புதைத்தாலும் மக்காது. வாங்கும்போதே அதைத் தவிர்ப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

மே மாதம் புதுநன்மை என்றால் பிப்ரவரிப் பேரவைக் கூட்டத்திலேயே 'பரிசு நூல் தேர்வு' என்று ஒரு பொருளைச் சேருங்கள். மூவரின் பெயரையும், மாதிரிப் பிரதிகளுக்கான முன்பணத்தையும் அன்றே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

இறைமக்கள் பணியில் உங்களோடு,
மறைக்கல்வியிலும் பங்கு நூலகங்களிலும் உழைக்கும் பொதுநிலையினர்