உன் கதையில் அவள் எங்கே, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பசியாறிட்டியா? நீ அனுப்பின திரைக்கதையை முழுசாகப் படித்துவிட்டேன். விறுவிறுப்புக்குக் குறையில்லை. கோலாலம்பூர் செந்தூல் ஃபிளாட் படிக்கட்டில் விளக்கு அணைகிற இடத்தில் எனக்கே திக்கென்றது. ஆனால் ஒரு விஷயத்தில் உன்னோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் "த்ரில்லர்னா அப்படித்தான்ப்பா" என்று வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அப்பா படம் ஓட்டினவன். ஒரே படத்தை வாரக்கணக்கில் ஓட்டுகிற ஆபரேட்டர் கொஞ்ச நாளில் திரையைப் பார்க்க மாட்டான், கீழே இருக்கிற சனத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பான். 2,000 அடி ரீல் 20 நிமிடத்துக்கு மேல் ஓடும். அடுத்த ரீலுக்கு மாற்றச் சொல்லி வலது மேல்மூலையில் புள்ளி விழுகிற வரைக்கும் வேறென்ன வேலை? எங்கே விசில், எங்கே இருமல், எங்கே பெண்கள் பக்கம் பேச்சுமூச்சில்லை என்பதெல்லாம் எத்தனையாவது ரீல் என்பதோடு மனப்பாடம் ஆகிவிடும்.

2003-ல் காதல் கொண்டேன் வந்தது. தனுஷ் திவ்யாவையே நினைத்து வெறிபிடித்த மாதிரி ஆடும்போது கொட்டகை இடிகிற மாதிரி விசில். கடைசியில் மலைவிளிம்பில் அவனாகவே கையை விட்டுவிட்டு விழும்போது தேம்புகிற சத்தம் என் அறை வரைக்கும் வரும். அவ்வளவு பட்டும் அவனைப் பிடித்த கையை விட மாட்டேன் என்று நின்றாளே ஒருத்தி, அந்த திவ்யாவுக்காக யாரும் அழுததாக என் காதில் விழவில்லை. படத்தைக் குறை சொல்லவில்லை. அந்தப் பையன் சின்ன வயதில் பட்ட கொடுமையை செல்வராகவன் காட்டின விதத்துக்கு யாராக இருந்தாலும் அழத்தான் செய்வார்கள். பரிதாபம் முழுசும் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது, அதைத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன்னாடி 1999-ல் வாலி. அஜித்துக்கு இரட்டை வேடம். காது கேட்காத, வாய் பேசாத அண்ணன் தம்பி பெண்டாட்டி மேலேயே ஆசைப்படுகிறான். அண்ணன் போடுகிற ஒவ்வொரு திட்டத்துக்கும் கைதட்டல். எனக்கு வயிற்றைக் கலக்கின இடம் வேறு. சிம்ரன் புருஷனிடம் விஷயத்தைச் சொல்கிறாள், அவன் நம்பவில்லை. அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். சொந்த வீட்டுக்குள், சொந்தப் புருஷனிடம் சொல்லியும் எடுபடாமல் அவள் நிற்கிறாளே, அதைவிடவா உனக்குக் கத்தியும் இருட்டும் பயம் காட்டும்?

வெள்ளைக்காரன் எடுத்ததையும் பார். 1987-ல் வந்த ஃபேட்டல் அட்ராக்‌ஷனில் துரத்துகிறவள் பெண், க்ளென் க்ளோஸ் நடித்தது. முதலில் எடுத்த முடிவில் அவள் தன்னைத்தானே கத்தியால் மாய்த்துக்கொள்வாள், பழி அவள் துரத்தின மைக்கேல் டக்ளஸ் மேல் விழும். சோதனைக்குப் போட்டுக் காட்டினார்கள், பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. உடனே மாற்றி எடுத்தார்கள். குளியலறையில் அவன் மனைவி அவளைச் சுட்டுக் கொல்கிறாள். ஆக, துரத்துகிறவன் ஆண் என்றால் நாம் அழுகிறோம், பெண் என்றால் சுடச் சொல்லிக் கேட்டு வாங்குகிறோம்.

இனி உன் கதாநாயகன் கதிருக்கு வருவோம். உருகி உருகிக் காதலித்தவன் பாதிக் கதையில் திடீரென்று அவளை வெறுக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது திடீரென்று படவில்லை. அவளுக்கு எது பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள் என்று உன் கதிருக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை மணிக்கு கொமுட்டர் ரயில் ஏறுவாள் என்பது மட்டும் நிமிடக் கணக்கில் தெரியும். வெறுப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, பாப்பா. நீ அதற்கு பி.ஜி.எம். போட்டு காதல் என்கிறாய்.

அடுத்தது போலீஸ் காட்சி. "அடிச்சானா? இல்லல்ல? அப்ப ஒண்ணும் செய்ய முடியாது" என்று சார்ஜன் அனுப்பிவிடுகிறார். என் காலத்துக் கதை என்றால் சரி. 2023 மே 31 முதல் நம் மலேசியாவில் தண்டனைச் சட்டம் 507ஏ பிரிவில் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதே குற்றம். இரண்டு தடவை செய்தாலே போதும். மெசேஜ் அனுப்பித் தொல்லை கொடுப்பதும் இதில் சேரும். மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே.

சட்டம் வந்து கதை கெட்டது என்று நினைக்காதே. இனிமேல்தான் கதையே. ரிப்போர்ட் போட வேண்டும் என்றால் அவன் அனுப்பின ஒவ்வொன்றையும் அவள் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும், குமட்டினாலும். ராத்திரி பக்கத்தில் அம்மா படுத்திருக்கிறாள். போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஒன்றொன்றாக ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறாள். "யாருகிட்டடி இந்நேரத்துல பேச்சு?" என்கிறாள் அம்மா. இந்தக் காட்சியை எழுதிப் பார். மறுநாள் ஒரு அத்தையையும் கொண்டு வா. "இவ்வளவு ஆசையா சுத்தி வர்றான், நல்ல சம்பளம், கொஞ்சம் யோசியேன்மா" என்று சொல்கிற அத்தை. நம்மவர்களிடம் அப்படிப்பட்ட அத்தைகளுக்குப் பஞ்சமே இல்லை, உனக்கே தெரியும்.

தொடக்கத்தையும் மாற்று. பேங்க் நெகாரா ஸ்டேஷனில் அவன் அவளைப் பார்க்கிறான் என்று வேண்டாம். அவள் அவனைப் பார்த்துவிட்டாள், பார்க்காத மாதிரி பெண்கள் பெட்டிக்கு நடக்கிறாள் என்று தொடங்கு. அப்புறம் இன்னொன்று. ஆறு மணிக்கு அவளுக்கு வேலை முடிகிறது என்று அஞ்சாறு இடத்தில் எழுதியிருக்கிறாய். என்ன வேலை என்று ஒரு பக்கத்திலும் இல்லையே? முதலில் அதை முடிவு பண்ணி எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா